டீஃபால்ட்: இயல்புநிலையா, கொடாநிலையா?

'டீஃபால்ட்' என்று வரும் இடத்திலெல்லாம் 'இயல்புநிலை' என்று எழுதும் வழக்கம் ஒழிய வேண்டும். கைபேசி மெனு, செய்முறைக் குறிப்பு, நிரல் விளக்கம் என்று எங்கே பார்த்தாலும் இதுதான் கிடக்கிறது.

ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல் அது. அடியில் இருப்பது 'தவறிப்போ' என்னும் பொருள்படும் லத்தீன் வினை. வாய்தாவுக்கு வராமல் போவதும் கடன் தவணை கட்டாமல் விடுவதும் அதே சொல்தான். கணினியில், பயனர் எதுவும் கொடுக்காமல் விட்டால் நிரல் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு.

இயல்பு என்பது வேறு. வெள்ளம் வடிந்தபின் ஊர் இயல்புநிலைக்குத் திரும்பியது என்கிறோம். எப்போதும் எப்படி இருக்குமோ, அது. இந்த இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வரின் அமைப்புக் கோப்பைத் திறந்தால் '#போர்ட் 22' என்று ஒரு வரி இருக்கும். போர்ட் என்பது இணைப்பு வந்து சேரும் வாசலின் எண். முன்னால் ஹேஷ் குறி இருப்பதால் அந்த வரி செயல்படாது. நீங்கள் ஒன்றும் எழுதாவிட்டால் 22 என்று காட்டத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஒரு நிறுவனத்தில் ஹேஷ் குறியை எடுத்துவிட்டு அதை 2222 என்று மாற்றி இரண்டு வருடமாக ஓட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே இயல்பு 2222. 'போர்ட்டை இயல்புநிலைக்கு மாற்றவும்' என்று குறிப்பில் இருந்தால் படிப்பவர் என்ன செய்வார்? 2222-ஐ அப்படியே விட்டுவிடலாம். அல்லது 22 ஆக்கலாம். அப்போது, வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலில் 2222 மட்டும் திறந்திருந்தால், சேவையை மறுபடி தொடங்கியபின் புதிதாக யாரும் உள்ளே நுழைய முடியாது.

மொழிபெயர்ப்பவர்களுக்குச் சொற்களைத் தனித்தனியாக அட்டவணையில் கொடுக்கிறார்கள். அது எந்தத் திரையில் வருகிறது என்று அவர்களும் கேட்பதில்லை. அதனால்தான் ஒரே பட்டியலில் 'டீஃபால்ட்', 'நார்மல்' இரண்டும் வரும்போது இரண்டுக்கும் 'இயல்பு' என்றே விழுகிறது. எதை அழுத்துவது? ஒருமுறை தமிழில் வைத்துப் பார்த்தவர் மறுபடி ஆங்கிலத்துக்கே மாற்றிக்கொள்வதில் வியப்பே இல்லை.

'முன்னிருப்பு' கொஞ்சம் தேவலாம், முன்பே இருப்பது என்றாவது தெரிகிறது. ஆனால் இருப்பு என்றதும் கடைச் சரக்கும் வங்கிக் கணக்கும்தான் நினைவுக்கு வரும். 'முன்பு இருந்தது' என்று படித்தால் பழைய மதிப்பு என்றும் ஆகிவிடும்.

கொடாநிலைதான் சரி. கொடாத நிலை கொடாநிலை. செல்லாக் காசு, வாடா மலர் போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். கொடுக்காதபோது நிற்பது என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது. கொடாக்கண்டன் ஞாபகம் வருகிறது என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். வரட்டுமே, கொடுக்காததைப் பற்றித்தானே பேச்சு!

பெயராக வரும் இடத்தில் 'கொடாநிலை மதிப்பு' என்று எழுதுங்கள். செய்முறையில் வினையாகவே சொல்லிவிடலாம்: 'போர்ட் எண் கொடுக்காவிட்டால் 22'. திருப்பி வைக்கச் சொல்லும்போது எண்ணையும் செயலையும் சேர்த்தே எழுத வேண்டும்: 'முதலில் ஃபயர்வாலில் 22-ஐத் திறக்கவும். போர்ட் வரியின் முன் ஹேஷ் குறியிட்டுச் சேவையை மறுபடி தொடங்கவும். இப்போதுள்ள இணைப்பை மூடாமல், வேறொரு சாளரத்திலிருந்து 22-இல் நுழைந்து பார்க்கவும்.'