பூச விண்மீன் தைப்பூசத்தன்று ஏன் தெரிவதில்லை?

தைப்பூசத்துக்கு முந்தைய நாளான செட்டிப் பூசத்தன்று இரவு, மலேசியாவின் பினாங்கில் முருகனின் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக் கோயிலை நெருங்கும்போது, பாதையெல்லாம் தேங்காய்ச் சில்லுகள். தலைக்கு மேலே ஏறக்குறைய முழு நிலா. அதன் பக்கத்தில்தான் பூச விண்மீன் இருக்கிறது, ஆனால் கண்ணில் படாது. தை மாதத்தில் நிலா பூசத்துக்கு வந்து சேரும் நாள்தானே தைப்பூசம்! பெரும்பாலும் பௌர்ணமியும் கூடிவிடுவதால், அந்த வெளிச்சத்திலேயே அது மறைந்துவிடுகிறது.

பூசத்தின் முதன்மை விண்மீன், கடக விண்மீன் குழுவில் டெல்டா எனப்படுவது. அதன் ஒளித்தரம் 3.9. இந்த எண் கூடக்கூட ஒளி மங்கல். நல்ல இருட்டில் 6 வரை வெறுங்கண்ணுக்குத் தெரியும். மங்கலாக இருப்பதால் சின்ன விண்மீன் என்று நினைத்துவிட வேண்டாம். இது ஆரஞ்சு நிற ராட்சத விண்மீன்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. இதன் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 4,600 கெல்வின், சூரியனுக்கோ 5,770. வெப்பம் சற்றுக் குறைந்தாலும் ஒளி மளமளவென்று குறையும், வெப்பநிலையின் நான்காம் அடுக்கில். அதனால் இதன் ஒவ்வொரு சதுர மீட்டரும் சூரியனுடையதில் 40 விழுக்காடு ஆற்றலைத்தான் வெளியிடுகிறது. ஆனால் குறுக்களவு சூரியனைப் போல் சுமார் 11 மடங்கு. பரப்பு 121 மடங்கு ஆகிவிடுகிறது. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 50 சூரியன்களின் ஒளி!

ஏன் இப்படி ஊதிப்போனது? மையத்தில் இருந்த ஹைட்ரஜன் தீர்ந்துபோனது. மையம் சுருங்கிச் சூடேறியது. அதைச் சுற்றிய உறையில் ஹைட்ரஜன் எரியத் தொடங்கியது. அந்த வெப்பம் வெளி அடுக்குகளைத் தள்ளி விரித்தது. விரிந்த மேற்பரப்பு குளிர்ந்து ஆரஞ்சு நிறமானது. சூரியனும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் இந்த வழியில்தான் போகும்.

மங்கலுக்குக் காரணம் தூரம், சுமார் 130 ஒளியாண்டுகள். நம் சூரியனை அங்கே கொண்டுபோய் வைத்தால் வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

சரி, எப்போது பார்ப்பது? தைப்பூசம் முடிந்து ஐந்தாறு நாள் பொறுங்கள். நிலா பிந்தி எழும். இரவு பத்து மணிக்கு பினாங்கின் தெலுக் பகாங் போல விளக்கு குறைந்த கடற்கரையில் நின்று, புனர்பூசத்து இரட்டை விண்மீன்களுக்கும் மகத்துக்கும் நடுவில் தேடுங்கள். பைனாகுலர் இருந்தால் ஆரஞ்சு நிறம் தெரியும். பக்கத்திலேயே ஒரு விண்மீன் கூட்டம், ரதத்தின் முன் சிதறிய சில்லுகள் போல. அது பூசத்தோடு சேர்ந்ததல்ல. சுமார் 600 ஒளியாண்டு தொலைவில், வெகு பின்னால் இருக்கிறது.