விளம்பரதாரர் வேறு, சாற்றுநர் வேறு

மட்டக்களப்பில் நாடக விழாக்களுக்கு அச்சிடும் துண்டுப்பிரசுரங்களில் 'விளம்பரதாரர்' என்ற சொல் இப்போது இரண்டு இடங்களில் நிற்கிறது. மேலே நெறியாளர், ஒப்பனை, ஒளியமைப்பு என்ற வரிசையில் ஒரு விளம்பரதாரர். பத்திரிகைகளுக்கும் வானொலிக்கும் செய்தி எழுதி அனுப்பி, விமர்சகர்களைத் தேடிப்போய் அழைத்து வந்த இளைஞர் அவர். தாளின் அடியில் வேறு சில விளம்பரதாரர்கள்: நகைக்கடை, அரிசி ஆலை, தனியார் கல்வி நிலையம். பணம் தந்தவர்களுக்கும் உழைப்பைத் தந்தவருக்கும் ஒரே பெயர். நன்றியுரை சொல்பவரும் அதையே வாசித்துவிட்டு இறங்குகிறார். இதைப் பலமுறை கேட்டுப் பொறுத்தாயிற்று. இனியும் பேசாமலிருப்பது அந்த இளைஞர்களுக்குச் செய்யும் அநியாயம். அவர்களுக்கு வேறு பெயர் வேண்டும்; 'சாற்றுநர்' என்பது என் முன்மொழிவு.

ஆங்கிலத்தில் 'பப்ளிசிஸ்ட்' என்பதன் மொழிபெயர்ப்பாகத்தான் இது வந்திருக்கிறது. பொதுமக்களுக்கு உரியது என்று பொருள்படும் இலத்தீனின் 'பப்ளிக்கஸ்' மூலம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. முதலில் அது பொதுச் சட்டத்திலும் நாடுகளுக்கிடையிலான சட்டத்திலும் வல்ல அறிஞரைக் குறித்தது. பிறகு பொது விவகாரங்களைப் பற்றி எழுதுபவரை. அதற்கும் பிறகுதான் ஒரு கலைஞரையோ நாடகத்தையோ பொதுமக்களின் கவனத்துக்குக் கொண்டுசெல்பவரை. பழைய பொருள் சாகவும் இல்லை: சர்வதேச நீதிமன்றத்தின் சட்டவிதி 38ஆம் உறுப்புரையில் இன்றும் இந்தச் சொல் சட்ட அறிஞர்களையே குறிக்கிறது. அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து ஒட்டுபவர்கள் அங்கேயும் 'விளம்பரதாரர்' என்று எழுதிவிடுவார்களோ என்று எனக்கு உண்மையாகவே அச்சம்.

'விளம்பரம்' குற்றமற்ற சொல். விளம்புதல் என்றால் சொல்லுதல், பலரறியச் செய்தல். சோறு பரிமாறுவதற்கும் அதே சொல் உண்டு. கோளாறு வாலில் இருக்கிறது. 'தாரர்' பாரசீகத்திலிருந்து வந்த ஒட்டு. உடையவர், வைத்திருப்பவர் என்று பொருள். பங்கை உடையவர் பங்குதாரர், சந்தாவை உடையவர் சந்தாதாரர், மனுவுக்கு உரியவர் மனுதாரர். அப்படியே விளம்பரத்துக்கு உரியவர், அதாவது பணம் கொடுத்து அதை வாங்கியவர், விளம்பரதாரர். வானொலியில் 'விளம்பரதாரர் நிகழ்ச்சி' என்று கேட்ட எவருக்கும் இது விளங்கும். அந்தப் பொருளில் சொல் உறுதியாக வேரூன்றிவிட்டது. அதைப் பிடுங்க வேண்டியதும் இல்லை. பிறமொழி ஒட்டு என்பதற்காக நான் அதை வெறுக்கவில்லை. பணம் கொடுக்காதவரைப் பணம் கொடுத்தவராக்குகிறதே, அதுதான் என் முறைப்பாடு.

நாடகத்தில் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் பிழையின் அளவு தெரியும். நியூயோர்க்கின் பிராட்வே அரங்குகளில் இவர்களைப் பத்திரிகை முகவர் என்றே நெடுங்காலம் அழைத்தார்கள். அரங்க முகாமையாளர்களும் அவர்களும் சேர்ந்து 1928இல் தொழிற்சங்கமே அமைத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கத்துக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்த மெர்ல் டெபஸ்கி 1923இல் பிறந்து 2018இல் மறைந்தவர். ஷேக்ஸ்பியரை இலவசமாக மேடையேற்றிய ஜோசப் பாப்பின் குழுவுக்கு இவர்தான் செய்தித் தொடர்பைக் கவனித்தார். 1959இல் நகரின் பூங்கா ஆணையாளர் ராபர்ட் மோசஸ், பார்வையாளர் கூட்டத்தால் அந்த நாடகங்கள் நடந்த மத்திய பூங்காவின் புல் தேய்கிறது, எனவே நுழைவுக் கட்டணம் அறவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பாப் மறுத்தார். விவகாரம் பத்திரிகைகளில் பெரிதாக எழுந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் பாப்பின் பக்கம் நின்றது. டிக்கெட்டே விற்காத ஒரு குழு. விளம்பரத்துக்குக் கொட்ட அதனிடம் பணம் ஏது? செய்தியாளர்களை நம்பவைத்து, உண்மையைத் திரும்பத் திரும்ப அவர்கள் மேசைக்குக் கொண்டுபோவதுதான் டெபஸ்கி போன்றவர்களின் வேலை. அவரை விளம்பரதாரர் என்பது அவர் வாழ்க்கையையே தலைகீழாக எழுதுவதாகும்.

'பிரசாரகர்' என்பாரும் உளர். தூய தமிழில் 'பரப்புரையாளர்'. தேர்தலும் மதமும் அந்தச் சொற்களை முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டன. நாடகத்துக்கு வேண்டாம். 'மக்கள் தொடர்பாளர்' கொஞ்சம் மதிப்புள்ள சொல். தமிழ்த் திரையுலகில் 1958இல் வந்த நாடோடி மன்னன் காலத்தில் பிலிம் நியூஸ் ஆனந்தன் தொடங்கிவைத்த பணிக்கு அந்தப் பெயரே நிலைத்தது. ஆனால் இன்று வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் பொலிஸுக்கும் மக்கள் தொடர்பு அதிகாரி இருக்கிறார். முறைப்பாடு கேட்பவரும் அவரே. ஒரு படைப்பை எடுத்துச்செல்லும் வேலை அந்தச் சொல்லுக்குள் தெரியவில்லை.

நான் நீளமாக மறுக்க விரும்புவது, நம் நாடக மாணவர்கள் சிலர் பெருமையோடு முன்வைக்கும் 'கட்டியகாரர்' என்பதை. அவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. கூத்திலிருந்தே சொல்லெடுக்க வேண்டும் என்பது நல்ல ஆசை. வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்து வகைகளிலும் கட்டியகாரன் முன்னே வந்து அரசனின் வரவைச் சொல்கிறான். நாடகத்தின் வரவைச் சொல்பவரும் கட்டியகாரர்தானே என்கிறார்கள். அல்லவே அல்ல. கட்டியகாரன் களரிக்கு, அதாவது கூத்தாடும் வட்ட அரங்குக்கு, உள்ளே நிற்பவன், ஆட்டத்தின் ஒரு பாத்திரம். வந்து வட்டமாக அமர்ந்துவிட்ட சபைக்குத்தான் அவன் சொல்கிறான். நாம் பேசுகிறவரோ களரிக்கு வெளியே, இன்னும் வராத சபையைத் தேடிப் போகிறவர். இரண்டாவது, கட்டியம் என்றாலே புகழ்மொழி. அரசன் கொடியவனாயினும் கட்டியம் அவனை வாழ்த்தித்தான் ஆக வேண்டும். புகழை மட்டுமே சொல்கிறவரை எந்தச் செய்தி ஆசிரியர் இரண்டாம் முறை நம்புவார்? மூன்றாவது, களரியில் உயிரோடிருக்கும் ஒரு சொல்லைப் பிடித்து அலுவலக மேசையில் உட்காரவைத்தால், நாளை கட்டியகாரன் வரவு என்று படிக்கிற பிள்ளை செய்திக் குறிப்பு எழுதுபவரை நினைக்கும். கூத்தின் மீது அன்புள்ளவர்கள் செய்யக்கூடிய காரியமா அது?

கூத்தில் இந்தப் பணிக்குப் பெயர் இல்லாததற்குக் காரணமும் உண்டு. கன்னன்குடா, சீலாமுனை போன்ற மட்டக்களப்பு ஊர்களில், கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் சட்டம் கொடுத்த, அதாவது ஆடுவோருக்கு அவரவர் பாட்டை எழுதிக் கொடுத்த, நாளிலிருந்தே ஊருக்கு எல்லாம் தெரியும். இரவு இரவாக மத்தளம் கேட்கும். சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல் என்று பயிற்சியின் ஒவ்வொரு படியிலும் ஊர் கூடவே நிற்கும். அரங்கேற்றம் முடிந்தால் கூத்தே வீட்டுக்கு வீடு போய் ஆடும். யாருக்கு யார் அறிவிப்பது? 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைப் புதுமேடைக்குக் கொண்டுவந்தபோது நிலைமை மாறியது. அந்த மத்தளத்தை ஒருநாளும் கேளாதவர்கள் சபையில் வந்து அமர்ந்தார்கள். அவர்களுக்கு இது இன்னது என்று முன்கூட்டிச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. தேவை அப்போதே வந்துவிட்டது. சொல்லைத்தான் நாம் இன்னும் ஒழுங்காகத் தேடவில்லை.

என் தெரிவு 'சாற்றுநர்'. சாற்றுதல் என்றால் பலரறியச் சொல்லுதல். 'சாதி இரண்டொழிய வேறில்லை சாற்றுங்கால்' என்ற நல்வழி அடியைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். பறைசாற்றுதல் பேச்சிலும் எழுத்திலும் இருக்கிறது. இயக்குநர், ஓட்டுநர், நடத்துநர் போல வாய்க்கு எளிதாக வரும். நடை சாற்றுதல் என்றால் மூடுவதல்லவா என்று ஒருவர் கேட்டார். கோயில் நடையோடு சேர்ந்து வரும்போது அந்தப் பொருள். நாடகத்தோடு வரும்போது இந்தப் பொருள். தமிழ் வாசகருக்கு அவ்வளவு பிரித்தறியத் தெரியும். 'அறிவிப்பாளர்' போதாதா என்றால், இலங்கையில் அந்தச் சொல் வானொலிக் குரல்களுக்கு உரியதாகிவிட்டது. மணிமேகலையின் முதற் காதையே விழாவறை காதை; முரசை யானைமேல் ஏற்றி இந்திர விழாவை நகருக்குச் சொல்கிறவன் அங்கே வருகிறான். அதைக் கொண்டு 'பறையறைவோர்' என்று வைக்கலாம் என்பாரும் உண்டு. நான் உடன்படேன். பறைமேளக் கூத்து நம் மண்ணில் ஒரு சமூகம் இழிவுகளுக்கு நடுவே காத்துவந்த கலை. அதன் பெயரை மட்டும் எடுத்துப் பதவிப் பெயராகச் சூடிக்கொள்வது சரியல்ல.

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் ஷேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' ஆக்கினார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் ஆராயும் தம் நாடக நூலுக்குக் கூத்தரைக் குறிக்கும் மதங்கர் என்ற பழஞ்சொல்லை எடுத்து 'மதங்க சூளாமணி' என்று பெயரிட்டார். ஒரு சொல்லுக்காக அவர் தமிழின் உள்ளே எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்! இன்றைய மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலச் சொல்லைத் தேடுபொறியில் இட்டு, முதலில் வருவதை எடுத்து, அந்த வேலையைச் செய்பவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் அச்சுக்கு அனுப்பிவிடுகிறார். அமைச்சு அறிக்கைகளிலும் நிறுவனங்களின் பயிற்சிக் கையேடுகளிலும் தமிழ்ப் பக்கம் இப்படித்தான் விளங்காத பக்கமாகிறது. பெயர் பிழையானால் வேலையும் பிழையாகிறது. 'விளம்பரதாரர்' என்று எழுதிக்கொடுக்கப்பட்டவரிடம் குழுவினர் செய்திக் குறிப்பைக் கேட்பதில்லை. கடைகளில் பணம் திரட்டி வரச் சொல்கிறார்கள்.

அடுத்த உலக நாடக தினத்துக்கு, மார்ச் 27க்கு, துண்டுப்பிரசுரம் தயாரிப்பவர்கள் நெறியாளருக்குக் கீழே 'நாடகச் சாற்றுநர்' என்று போடட்டும். தாளின் அடியில் 'விளம்பரதாரர்கள்' அப்படியே இருக்கலாம்; 'அனுசரணையாளர்கள்' என்றும் போடலாம். செய்திக் குறிப்பு, பத்திரிகையாளர் சந்திப்பு என்பவற்றுக்கு நல்ல சொற்கள் ஏற்கனவே உள்ளன. அவற்றைத் தொட வேண்டாம்.