கண்ணுக்கு வேலை வைக்காத கை

கணினியில் ஒரு வரியைத் தேர்வு செய்தாயிற்று, அதை நகலெடுக்க வேண்டும். விசைப்பலகையிலிருந்து கை மவுசுக்குப் போக 0.4 விநாடி. சுட்டியை மேலே உள்ள மெனுவுக்குக் கொண்டுபோக 1.1, சொடுக்க 0.2. விரியும் பட்டியலில் உரிய வரிக்கு இறங்க இன்னொரு 1.1, சொடுக்க 0.2, கை திரும்பி வர 0.4. ஆக மொத்தம் 3.4 விநாடி. குறுக்குவிசையாகக் கண்ட்ரோல், சி என்று இரண்டு விசைகளைத் தட்டினால் 0.4 விநாடியில் வேலை முடிந்துவிடுகிறது.

ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் ஆகிய ஆய்வாளர்கள் 1980-ல் வெளியிட்ட கணக்குமுறை இது. எண்கள் எல்லாம் பழகிய கைக்கான சராசரி. அதே கணக்கில் பலரும் தாண்டிப் போய்விடும் இன்னொரு செலவும் உண்டு: அடுத்த செயலுக்கு மனம் ஆயத்தமாக 1.35 விநாடி. ஒரு விசையைத் தட்டுவதைவிட ஆறு மடங்குக்கும் மேல்! நூறு குறுக்குவிசைகளை அச்சிட்டு மேசைமுன் ஒட்டி வைப்பவருக்குப் பெரிதாக எதுவும் மிச்சமாகாததற்குக் காரணம் இதுதான். அவர் தாளில் தேடி முடிப்பதற்குள் மவுஸ் வேலையை முடித்திருக்கும். அன்றாடம் திரும்பத் திரும்பச் செய்கிற ஐந்தாறு வேலைகளுக்கு உரியவை யோசனையின்றி விரலில் வந்தால் போதும். மற்றவற்றை மெனுவிலேயே விட்டுவிடலாம்.

வெட்டி ஒட்டும் முறையை 1970-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் உருவாக்கியவர்களில் ஒருவர் லாரி டெஸ்லர். பின்னர் அவர் ஆப்பிளுக்குப் போனார். 1983-ல் வந்த ஆப்பிளின் லிசா கணினியில் செய்ததை மீட்க இசட், வெட்ட எக்ஸ், நகலெடுக்க சி, ஒட்ட வி என்று நான்கு விசைகள் அமர்ந்தன. நான்கும் கீழ்வரிசையின் இடது மூலையில் அடுத்தடுத்து இருப்பவை. இடக்கையின் சுண்டுவிரல் கண்ட்ரோலை அழுத்திக்கொள்ள, மற்ற விரல்கள் தட்டிவிடுகின்றன. வலக்கை மவுசை விட்டு அசைய வேண்டியதே இல்லை.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி. விசைப்பலகை கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்பதற்கான எண்ணை மட்டுமே அனுப்புகிறது. அதை எழுத்தாக்குவது இயங்குதளம். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் சி இருக்கும் இடத்தில் ஒ, வி இருக்கும் இடத்தில் வ. ஆனால் விண்டோஸில் கண்ட்ரோல் அழுத்தியிருக்கும்போது அதே விசைகள் கட்டளைகளாகவே கொள்ளப்படுகின்றன. நகலெடுப்பதற்காக ஆங்கிலத்துக்கு மாறித் திரும்புவது வீண் வேலை.

கைபேசியின் முகப்புத் திரைக்கும் இதே கணக்குதான். அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-ல் ஒரு சோதனை நடத்தினார். இரண்டு உலோகத் தகடுகளை எழுத்தாணி போன்ற கோலால் மாறி மாறித் தொடச் செய்தார். தகடு தொலைவில் இருந்தால் நேரம் கூடியது. அகலமாக இருந்தால் குறைந்தது. தூரமும் அகலமும் ஒருசேர இரட்டித்தால் நேரம் ஏறக்குறைய மாறவில்லை. கட்டைவிரலுக்கு எட்டும் கீழ்வரிசை விலைமதிப்பான இடம் என்பது இதிலிருந்தே விளங்கும். ஆனால் கைபேசித் திரையில் விரல் நகரும் தூரம் சில சென்டிமீட்டர்தான். நேரத்தைத் தின்பது கண்ணின் தேடல். அஞ்சறைப் பெட்டியில் கடுகை யாரும் தேடுவதில்லை. அது என்றும் அதே கிண்ணத்தில் இருக்கிறது.

அதனால், பயன்பாட்டைப் பார்த்துச் செயலிகளைத் தானாகவே இடம் மாற்றிக் காட்டும் பரிந்துரை வரிசை எனக்குப் பிடிப்பதில்லை. விரலில் படிந்த இடத்தை அது கலைத்துவிடுகிறது. அடுக்கிய கோப்புறைகளும் பார்க்க அழகுதான். ஒவ்வொன்றும் கூடுதலாக ஒரு தட்டலையும் ஒரு தேடலையும் கேட்கும். செயலியைத் திறக்காமலே தகவலைக் காட்டும் விட்ஜெட் சங்கதி வேறு. அடுத்த சந்திப்பு எத்தனை மணிக்கு என்பதை முகப்பிலேயே நாட்காட்டி காட்டிவிட்டால் தட்டவே தேவையில்லை. ஆனால் வெயிலா மழையா என்று சொல்ல அரைத் திரையை எழுதிக்கொடுத்துவிட்டு, தினமும் திறக்கும் வங்கிச் செயலியை மூன்றாம் பக்கத்துக்குத் துரத்துவது என்ன கணக்கோ!