பல்லுக்கொதி நின்றுவிட்டதா? அப்போதுதான் பயப்பட வேண்டும்

திருகோணமலையில் என்னிடம் வருகிறவர்கள் மூதூரில் இருந்து வந்தாலும் சரி, நிலாவெளியில் இருந்து வந்தாலும் சரி, பலர் சொல்லும் கதை ஒன்றுதான்: "டொக்டர், போன மாசம் உயிர் போற கொதி. கராம்பு வைச்சன், பனடோல் போட்டன், நின்றிட்டுது. இப்ப பாத்தா கன்னம் வீங்கியிருக்கு."

நின்றுபோன அந்தக் கொதியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பல்லின் மேல் ஓட்டுக்கு உணர்வு கிடையாது. சூத்தை அதைத் துளைத்து உள்ளே இறங்கும்போதுதான் குளிர்ந்த தண்ணீரும் இனிப்பும் கூசத் தொடங்கும். பல்லின் நடுவில் நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பகுதியை அது தொட்டால் இரவில் படுக்கவிடாது. பிறகு ஒரு நாள் சட்டென்று அடங்கும். நரம்பு செத்துவிட்டது என்பதே அதற்குப் பெரும்பாலும் காரணம். கிருமி மட்டும் வேர் நுனியால் தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். எக்ஸ்ரே எடுத்தால் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். எலும்பு கரைந்த இடம் அது.

செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. அதனால் குளிசை எவ்வளவு விழுங்கினாலும் மருந்து உள்ளே போய்ச் சேராது. பார்மசியில் அன்ரிபயோட்டிக் வாங்கிப் போட்டு நாளைக் கடத்துகிறவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அஸ்பிரினை முரசில் வைத்து அழுத்துவதும் வேண்டாம், தோல் வெந்துவிடும்.

கூச்சம் இருக்கும்போதே வந்தால் பெரும்பாலும் ஒரு தடவையில் அடைத்துவிடலாம். பிந்தினால் வேர்ச் சிகிச்சை, இல்லையென்றால் பிடுங்குவது. வேர்ச் சிகிச்சையில் பழுதானதை எடுத்து, வேர்க் குழாய்களை மெல்லிய கருவிகளால் சுத்தம் செய்து, காற்றும் எச்சிலும் புகாமல் அடைக்கிறோம். பல தடவை வர வேண்டியிருக்கும். முதல் தடவையிலேயே கொதி போய்விடுவதால் பலர் பிறகு வருவதில்லை. நாங்கள் வைத்தது சில கிழமைகளுக்கான தற்காலிக அடைப்பு. அது தேய்ந்தால் எச்சிலோடு கிருமி மறுபடி உள்ளே போய், காப்பாற்றக்கூடிய பல்லும் கைவிட்டுப் போகும். சிகிச்சை முடிந்த கடைவாய்ப்பல்லுக்கு அதை மேலே மூடும் 'கப்' போடச் சொல்வதும் காசுக்காக அல்ல. உள்ளே குடைந்த பல் பலவீனமாக இருக்கும், எலும்பு கடித்தாலே பிளந்துவிடலாம்.

பிடுங்க வருகிறவர்கள் இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் குளிசை, சலரோகம், பிரசர், கர்ப்பம் எல்லாவற்றையும் ஊசி போட முதலே சொல்லுங்கள். ஆனால் நீங்களாகக் குளிசையை நிறுத்திவிட்டு வராதீர்கள். பிடுங்கியபின் பஞ்சை அரை மணித்தியாலம் இறுக்கிக் கடியுங்கள். அன்றைக்கு வாய் கொப்பளிப்பது, காறித் துப்புவது, சிகரட் மூன்றும் கூடாது. குழியில் உறைந்த இரத்தக் கட்டிதான் காயத்தை மூடிக் காக்கிறது. அது கழன்றால் இரண்டு மூன்று நாளில் காதுவரை வலிக்கும்.

பல்லுச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பது பிழை. முன்பே முரசு இறங்கி ஆடிய பல்லை, பல்லில் படிந்து இறுகிய அழுக்கான காரை பிடித்துவைத்திருக்கும், காரை போனதும் ஆட்டம் தெரிகிறது. வெற்றிலை பாக்குப் போடுகிறவர்கள், வாயில் வெள்ளை அல்லது சிவப்புப் படலமோ, இரண்டு கிழமையில் ஆறாத புண்ணோ இருந்தால் வலிக்காவிட்டாலும் வந்து காட்டுங்கள்.

நாடிக்குக் கீழே வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் காய்ச்சலும் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீக்கம் மூச்சையே அடைக்கக்கூடும்.

பெற்றோருக்கு ஒன்று. ஆறு வயதளவில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் விழுந்து முளைக்கிற பல் அல்ல. "பால் பல்தானே" என்று விட்டு, பத்து வயதில் அதைப் பிடுங்கக் கூட்டிவருகிறார்கள். இன்றைக்கே பிள்ளையை வெளிச்சத்தில் வாய் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பள்ளத்தில் கறுப்புக் கண்டால் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்திலோ அரச ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள். அங்கே காசு கேட்கமாட்டார்கள்.