பழைய ஜீப்பின் சஸ்பென்ஷன்: எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது

பதினைந்து, இருபது வருஷம் காடு மேடெல்லாம் ஏறி இறங்கிய ஒரு ஜீப்பைச் சமதரையில் நிறுத்தி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பின்பக்கம் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் இன்னும் ஒரு விரல்கடை கூடுதலாகத் தாழ்ந்திருக்கும். ஓட்டினால் பள்ளத்தில் 'டங்' என்று ஒரு சத்தம், வளைவில் ஒரு தள்ளாட்டம். "சஸ்பென்ஷன் போச்சு, மொத்தமா மாத்திடலாம்" என்று யாராவது சொல்வார்கள். தலையாட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: போனது எது?

சஸ்பென்ஷன் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருப்பவை எஃகு, எண்ணெய், ரப்பர் மூன்றும். எஃகு களைத்துப்போவது ஒரு விதம், எண்ணெய் கெடுவது வேறு விதம், ரப்பர் கிழடாவது இன்னொரு விதம். மூன்றும் ஒரே நாளில் சாவதில்லை. ஒன்றின் குற்றத்துக்கு இன்னொன்று பழி சுமப்பதுதான் அடிக்கடி நடக்கிறது.

முதலில் ஸ்பிரிங். "ஸ்பிரிங் சாஃப்ட் ஆயிடுச்சு" என்பது பட்டறைகளில் தினமும் கேட்கிற வார்த்தை. இயற்பியல்படி அது பெரும்பாலும் தவறு. காயில் ஸ்பிரிங்கின் விறைப்பை நிர்ணயிப்பவை கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, எஃகின் முறுக்கு எதிர்ப்பு ஆகிய நான்குதான். கடைசியாகச் சொன்னது ஸ்பிரிங் எஃகுக்குச் சுமார் 80 கிகாபாஸ்கல். வருஷம் போகப்போக அது குறைவதில்லை. 1678-ல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி கிழ ஸ்பிரிங்குக்கும் அப்படியே பொருந்தும். புதிதாக இருந்தபோது 100 கிலோவுக்கு 2 செ.மீ. அமுங்கியது என்றால், இன்றைக்கும் அதே 2 செ.மீ.தான்.

மாறுவது உயரம். வருஷக்கணக்கில் பாரம் சுமந்த எஃகின் படிகங்களுக்குள் நுண்ணிய வழுக்கல்கள் நடந்து, ஸ்பிரிங் நிரந்தரமாகக் கொஞ்சம் குட்டையாகிவிடுகிறது. வண்டி தாழ்கிறது. அச்சு மேலே வர இருந்த இடைவெளி சுருங்குகிறது. பள்ளத்தில் இறங்கும்போது அச்சு சீக்கிரமே, அதன் ஓட்டத்தைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் மோதுகிறது. உள்ளே இருப்பவருக்கு முதுகில் ஓர் இடி. வேடிக்கை என்னவென்றால், ஸ்பிரிங் சாஃப்டானது என்று புகார் சொல்பவர் உணர்வது கெட்டியான இடியைத்தான்.

அதனால் முதல் கருவி அளவு நாடா. நான்கு சக்கரத்திலும் ஹப்பின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். டயர் காற்றும் தேய்மானமும் இந்த அளவைத் தொடாது. கையேட்டு அளவைவிட இருபுறமும் சமமாக, கொஞ்சமாகக் குறைந்திருந்து, கம்பியில் துரு இல்லை என்றால் அந்த ஸ்பிரிங்கை விட்டுவிடலாம், அல்லது ஒரு ஸ்பேசர் (ஸ்பிரிங்கின் முனையில் வைக்கும் தடித்த வளையம்) போடலாம். ஸ்பேசர் உயரத்தை மட்டும் திருப்பித் தரும். பம்ப் ஸ்டாப்பையும் ஷாக் அப்சார்பரின் நீளத்தையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

துரு இருந்தால் கதை வேறு. விறைப்பு, கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 14 மி.மீ. கம்பி துருவில் 0.7 மி.மீ. கரைந்தால் அது வெறும் 5 சதவீதம். விறைப்போ சுமார் 19 சதவீதம் போய்விடும். அதே பாரத்துக்குக் கம்பியில் ஏறும் தகைவு (உள்ளே ஏற்படும் இழுவிசை அழுத்தம்) 17 சதவீதம் கூடும். இதைவிட மோசம், துரு தோண்டும் சின்னச் சின்னக் குழிகள். 19-ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் ஏன் முறிகின்றன என்று ஆராய்ந்த ஆகஸ்ட் வோலர் காட்டியது இதுதான்: ஒரே தடவையில் உடைக்க முடியாத பாரம்கூட, திரும்பத் திரும்ப வந்தால் உலோகத்தை உடைத்துவிடும். அந்த விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் தொடங்கும். அதற்காகவே ஸ்பிரிங் செய்யும்போது சிறு எஃகுக் குண்டுகளை அதன் மேல் அடித்து மேற்தோலை இறுக்குகிறார்கள். துரு அந்தத் தோலைத் தின்றுவிட்டால் காப்பு போயிற்று. சேறு தங்கும் கடைசிச் சுற்றில் ஸ்பிரிங் முறிவது இதனால்தான். குழி விழுந்த ஸ்பிரிங்குக்கு ரிப்பேர் கிடையாது. அதே அச்சின் ஜோடியோடு மாற்றிவிடுங்கள்.

எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த லீஃப் ஸ்பிரிங்காக இருந்தால் ஒரு சபலம் வரும்: பட்டைகளைக் கழற்றி, அடித்து வளைத்து, திரும்ப மாட்டுவது. வளைவு வரும். ஆனால் சரியான வெப்பப் பதம் கொடுக்காமல் வெறுமனே அடித்து வளைத்தது சீக்கிரமே மறுபடி தொய்ந்துவிடும். உடைந்த ஒற்றைப் பட்டையை மாற்றுவதும், துருவால் ஒட்டிப்போன பட்டைகளைப் பிரித்துச் சுத்தம் செய்வதும் நியாயமான ரிப்பேர். பட்டைகளுக்கு இடையிலான உராய்வு அளவோடு இருந்தால் அதிர்வை அடக்கும். துரு ஏறினால் மொத்தமும் ஒரே கட்டையாகிவிடும்.

அடுத்து ஷாக் அப்சார்பர். பெயர் தப்பு. அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் நிறுத்துவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சின்னத் துளைகள், மெல்லிய தகடுகள் வழியே பிதுக்குகிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிறது. நல்ல நிலையில், 10 செ.மீ. கீழே அழுந்திய வண்டி விடுபட்டதும் நடுநிலையைத் தாண்டி மேலே 3.7 செ.மீ. வரை போய், அடுத்த ஆட்டத்தில் அடங்கிவிடும். ஷாக்கின் அடக்கும் திறன் மூன்றில் ஒரு பங்கானால் அதே வண்டி 7 செ.மீ.க்கு மேல் எழும்பி, பல தடவை ஆடும். உடலாட்டம் விநாடிக்கு ஒன்றிரண்டு தடவைதான். சக்கரமோ விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் துள்ளக்கூடியது. ஷாக் செத்தால் டயர் தரையை விட்டு விட்டுத் தொடும். டயரில் திட்டுத்திட்டாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஷாக்கையும் சந்தேகிக்கலாம்.

பம்பரை அழுத்தி ஆட்டிப் பார்க்கும் சோதனை, கனமான ஜீப்பில் அவ்வளவு நம்பத்தக்கதல்ல. கை பலத்துக்கு அது அசைவதே அபூர்வம். பழைய மூட்டுகளின் உராய்வும் ஆட்டத்தை மறைத்துவிடும். எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. கரடுமுரடான பாதையில் இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு இறங்கி, ஒவ்வொரு ஷாக்கின் உடம்புக்கு அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். சூடு தாங்கினால் புறங்கையால் தொடுங்கள். வேலை செய்தது சுட்டிருக்கும். ஒரே அச்சில் ஒன்று சுட்டு, மற்றொன்று குளிர்ந்து கிடந்தால், குளிர்ந்ததுதான் சோம்பேறி. பக்கத்தில் சைலன்சர் போகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷாக்கின் மேல் எண்ணெய் மெல்லிய ஈரமாகப் படிந்திருப்பது மட்டும் சாவின் அடையாளம் இல்லை. சீலை உயவூட்டிய எண்ணெய் அது. சொட்டாக வழிந்தால் போயிற்று. சீல் வைத்து மூடிய சாதாரண ஷாக்கைத் தூக்கிப்போட வேண்டியதுதான். பிரித்து வேலை பார்க்கும்படி செய்யப்பட்ட வகையில் எண்ணெய், சீல், நைட்ரஜன் மாற்றினால் மறுபிறவி கிடைக்கும். ஆனால் பளபளக்கும் ராடில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது சிக்கினால், புதுச் சீலையும் அந்தக் குழி கிழித்துவிடும்.

மூட்டுகளில் இரும்புக் குழாய்களுக்கு நடுவே இருக்கும் ரப்பர் புஷ்தான் எல்லாரும் மறந்துவிடுவது. நானும் மறந்தேன். 'டங்' சத்தத்துக்காக ஒரு தடவை நான்கு ஷாக்கையும் புதிதாகப் போட்டேன். சத்தம் போகவில்லை, கொஞ்சம் கூடியது. குற்றவாளி, அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பானார்ட் ராடின் முனையில் இருந்த உள்ளங்கை அளவு ரப்பர். கிழிந்து, நடுக்குழாய் தனியே ஆடிக்கொண்டிருந்தது. புது ஷாக் அந்த ஆட்டத்தை மறைக்காமல் அப்படியே காட்டிக்கொடுத்துவிட்டது.

புஷ்ஷை மாற்றினேன், சில மாதத்தில் அதுவும் கிழிந்தது. இதன் காரணம் தெரிந்துகொள்ள வேண்டியது. புஷ்ஷில் ரப்பர், உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டப்பட்டிருக்கும். அது சுழல்வதில்லை, முறுகுகிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கினால் ரப்பரின் இயல்பு நிலை அந்தத் தொங்கலில் பதிந்துவிடும். கீழே இறக்கியதும் நிற்கும்போதே அது முறுகி நிற்கும். பள்ளத்தில் இன்னும் முறுகும். வண்டி தன் எடையில் நின்ற பிறகு கடைசி இறுக்கு கொடுத்திருந்தால் அது பல வருஷம் உழைத்திருக்கும். ஒட்டிய ரப்பர் புஷ் எதுவானாலும் இதே விதிதான். பாலியூரித்தேன் புஷ் எண்ணெய்க்கு அஞ்சாது, கெட்டி. ஆனால் அச்சு இரு பக்கமும் எதிரெதிராக முறுகி ஏற வேண்டிய இடத்தில் அந்தக் கெட்டித்தனமே தொல்லை. எல்லா இடத்திலும் அதைத் திணிப்பதை நான் விரும்புவதில்லை.

காற்று சஸ்பென்ஷன் வண்டியில் பைகளின் மடிப்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை சொல்லிவிடும். சின்னக் கசிவைச் சும்மா விட்டால் கம்பிரசர் ஓயாமல் ஓடி அதுவும் எரிந்துபோகும். பையை மட்டும் மாற்றும் வேலை அப்படித்தான் இரண்டாகிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, இவை மாட்டப்பட்டிருக்கும் சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். ஸ்பிரிங் உட்காரும் இடத்தையும் ஷாக் மாட்டும் காதையும் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீர் என்னும். உள்ளே அரித்தது 'பொத்' என்னும். அங்கே ஓட்டை என்றால் எந்தப் புது சஸ்பென்ஷனுக்கும் அர்த்தமில்லை. முதலில் வெல்டிங், அல்லது வண்டியைப் பற்றியே மறுயோசனை.

சரி, மொத்தமாக மாற்றுவது எப்போது? ஒரே போல்ட்டைக் கழற்றினால் வரும் உறுப்புகளில் இரண்டு மூன்று போயிருந்தால். காயில் ஸ்பிரிங்கை எடுக்க ஷாக்கை எப்படியும் அவிழ்க்க வேண்டும். அதுவும் பாதி ஆயுளைத் தாண்டியிருந்தால் சேர்த்தே மாற்றுவது கூலியில் லாபம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்மில் பால் ஜாயிண்ட்டும் (உருண்டை மூட்டு) புஷ்ஷும் இரண்டும் ஆடினால், ஒவ்வொன்றையும் அடித்து இறக்குவதைவிட முழு ஆர்ம் வாங்குவது மேல். மாற்றும்போதே இரண்டு அங்குலம் உயர்த்திவிடும் ஆசையும் வரும். உயர்த்தினால் பானார்ட் ராட் அச்சைப் பக்கவாட்டில் இழுக்கும், காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டியரிங் அலையும், அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டுகள் கூடுதல் கோணத்தில் சுழலும். அதையெல்லாம் சரிசெய்யும் உறுப்புகளையும் வாங்கத் தயார் என்றால் மட்டும் செய்யுங்கள்.

லீஃப் ஸ்பிரிங்கைக் கழற்றியிருந்தால் அதை அச்சோடு பிணைத்திருந்த பழைய யு-போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். அது ஏற்கெனவே நீண்டு இறுகியது. புதியதையும் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒரு தடவை முறுக்கிப் பார்க்க வேண்டும். அப்போதே அந்த நாடாவை எடுத்து நான்கு மூலையும் மறுபடி அளந்துவிடலாம். புது ஸ்பிரிங்கும் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் அமரும். அமர்ந்த பிறகு வரும் எண்தான் அடுத்த தடவை ஒப்பிட வேண்டிய எண்.