படகுக்கு ஒன்றரை மணி நேரம், திமிங்கிலத்துக்கு எவ்வளவு?

மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாவில் ஃபைபர் போட் ஓட்டும் தம்பிமார் சீசன் காலத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணே, திமிங்கிலத்தோட நீந்த எவ்வளவும் தாறம் எண்டு வெள்ளைக்காரர் கேக்கிறாங்க, நாம ஏன் அதச் செய்யக் கூடாது?"

நியாயமான கேள்விதான். கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்து ஐந்தாறு மாதம்தான் இங்கே கடல் வருமானம், வடகிழக்கு வாடை தொடங்கினால் போட் கரையில். சட்டத்தைக் கேட்டால் பதில் சுருக்கமாக முடிந்துவிடும். 2012இல் வந்த விதிகளின்படி படகு திமிங்கிலத்தை 100 மீற்றருக்குள் நெருங்கக் கூடாது, வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் விசேட அனுமதி இல்லாமல் அதோடு நீந்தவும் கூடாது. ஆனால் 'கூடாது' என்று மட்டும் சொன்னால் யாருடைய மனமும் மாறாது. காரணத்தை விளக்கினால்தான் மாறும். அந்தக் காரணம் திமிங்கிலத்தின் மூச்சில் இருக்கிறது.

மட்டக்களப்புக்கு நேரே கடலடியில் கிடக்கும் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை இங்கே எல்லோருக்கும் தெரியும், 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தது. அது கிடப்பது 50 மீற்றருக்குச் சற்றுக் கூடிய ஆழத்தில். அதையும் தாண்டி வெளியே போனால் கடலடி சரிந்து ஆயிரக்கணக்கான மீற்றருக்கு இறங்கிவிடுகிறது. கிழக்குக் கரையின் விசேஷமே இதுதான், ஆழம் கரைக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். திருகோணமலைக் கடலில் ஸ்பேர்ம் திமிங்கிலங்களையும் நீலத் திமிங்கிலங்களையும் 1980களிலிருந்தே ஆராய்ச்சியாளர்கள் பார்த்துவருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்பேர்ம் திமிங்கிலத்தையே எடுத்துக்கொள்வோம். கணவாய் தேடி நானூறு மீற்றருக்குக் கீழே, சில வேளை ஆயிரத்துக்கும் கீழே இறங்கும், ஒரு முக்குளிப்பு முக்கால் மணி நேரம் வரை போகும். அவ்வளவு நேரத்துக்கான ஒட்சிசன் நுரையீரலில் இல்லை. ஆழத்தின் அழுத்தத்தில் நுரையீரல் சுருங்கிப் போய்விடும். இரத்தத்திலும், தசையில் உள்ள மயோகுளோபின் என்ற புரதத்திலும்தான் அது சேமிக்கப்படுகிறது. அந்தப் புரதம் அவ்வளவு அடர்த்தியாக இருப்பதால் இதன் தசை கிட்டத்தட்டக் கறுப்பாகவே இருக்கும். மேலே வந்ததும் எட்டு, பத்து நிமிடம் அசையாமல் மிதந்து, நிமிடத்துக்கு நான்கைந்து தடவை ஊதி மூச்செடுத்து, தீர்ந்த ஒட்சிசனை நிரப்பி, கழிவாகச் சேர்ந்த காபனீரொட்சைட்டை வெளியேற்றிவிட்டு, வாலை மேலே தூக்கி மறுபடி இறங்கும். பார்க்கும் நமக்கு அது சும்மா கிடப்பதாகத் தோன்றும். உண்மையில் அடுத்த வேட்டைக்கான தயாரிப்பு முழுவதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நடக்கிறது.

நீந்துபவர்களை இறக்க ஒரே வாய்ப்பும் அந்தப் பத்து நிமிடம்தான். மூன்றாம் நிமிடத்தில் எஞ்சின் சத்தம் நெருங்கினால், நான்காம் நிமிடத்தில் ஆட்கள் குதித்தால், அது நேரத்தோடு இறங்கிவிடும். நிரம்பாத கையிருப்போடு இறங்கினால் கீழே தங்கும் நேரம் குறையும், கணவாயும் குறையும். ஒரு தடவை என்றால் பெரிய விஷயமில்லை. நாள் முழுக்க, ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் ஒரு படகு காத்திருந்தால்?

குட்டியின் நிலை இன்னும் மோசம். தாயோடு அவ்வளவு ஆழத்துக்குப் போக முடியாமல் அது மேலேயே நிற்கும், கூட்டத்துப் பெண் திமிங்கிலங்கள் முறை மாற்றி அதைப் பார்த்துக்கொள்ளும். படகிலிருந்து பார்க்கிறவருக்கு அது தனியாக, கிட்டப் போக வசதியாக நிற்கிற திமிங்கிலம். அதனால் ஆட்கள் முதலில் குதிப்பதும் அதன் பக்கத்திலேயே.

சரி, இதை ஒழுங்குபடுத்தியே நடத்தும் நாடுகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. பசிபிக் தீவு நாடான டோங்காவின் வவாவு தீவுகளுக்கு ஜூலை முதல் ஒக்டோபர் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டி ஈன வரும். அங்கே விதி தெளிவு: லைசன்ஸ் உள்ள படகு மட்டும், ஒரு நேரத்தில் தண்ணீரில் நான்கு பேரும் ஒரு வழிகாட்டியும், ஒரு திமிங்கிலத்தோடு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது, அப்புறம் அதற்கு ஒன்றரை மணி நேர ஓய்வு. இதில் ஒரு வரியையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, படகுகள் நெருங்கிய தடவைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் திமிங்கிலங்கள் விலகிப் போக முயன்றன, ஓய்வு இடைவெளியும் பல தடவை மீறப்பட்டது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது, விதியை அப்படியே கடைப்பிடித்தாலும் வரும் கணக்கு. குட்டியோடு நிற்கும் ஒரு தாயிடம் காலை எட்டு மணிக்கு முதல் படகு வருகிறது, ஒன்பதரைக்குப் போகிறது. பதினொரு மணிக்கு இரண்டாவது. பிற்பகல் இரண்டு மணிக்கு மூன்றாவது. எவரும் எதையும் மீறவில்லை, ஆனால் அந்தத் தாய் காலை எட்டிலிருந்து மாலை ஐந்துக்குள் நாலரை மணி நேரம் மனிதர்களோடு கழித்திருக்கிறது, அதாவது அந்த ஒன்பது மணி நேரத்தில் பாதி. அந்தக் கடலில் அதற்கு இரையே கிடையாது. அன்டார்க்டிக்கில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் குட்டிக்குப் பால் கொடுக்கிறது, விலகி நீந்தும் ஒவ்வொரு தடவையும் செலவாவது அந்தக் கொழுப்பு. விதி படகின் நேரத்தை எண்ணுகிறது. திமிங்கிலத்தின் நாளையல்லவா எண்ண வேண்டும்?

'எங்களோடு அமைதியாகத்தான் இருந்தது' என்று பயணம் போய்வந்தவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் அதை ஆதாரமாக எடுக்க முடியாது. மேற்கு அவுஸ்திரேலியாவின் ஷார்க் பேயில் டொல்பின் பார்க்கும் படகு நிறுவனம் ஒன்று இரண்டானபோது, அந்தப் பகுதியில் டொல்பின்கள் குறைந்தன. சத்தத்தைத் தாங்க முடியாதவை வேறிடம் போயிருக்கலாம், அப்படிப் போனால் மிஞ்சுவது பொறுத்துக்கொண்டவை மட்டும்தான். அவற்றை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் அமைதியாகத்தான் தெரியும். பல ஆண்டு எண்ணிக்கை கையில் இருந்ததால்தான் அங்கே இழப்பு தெரியவந்தது, அரசும் லைசன்ஸை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்தது.

மனிதருக்கும் ஆபத்து உண்டு. 2020 ஓகஸ்டில் அதே மேற்கு அவுஸ்திரேலியாவின் நிங்கலூவில் கூன்முதுகுத் திமிங்கிலத்தோடு நீந்திய ஒரு பெண்ணுக்கு விலா எலும்புகள் முறிந்தன.

எனக்குப் பிடித்த முறை அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரப் பவளத்திட்டான கிரேட் பாரியர் ரீஃபில் நடப்பது. ஜூன், ஜூலையில் குள்ள மிங்கி திமிங்கிலங்கள் அங்கே வரும், 2003 முதல் அனுமதி பெற்ற சில படகுகள் மட்டும் ஆட்களை இறக்குகின்றன. படகு நிற்கும், பின்னால் ஒரு நீளக் கயிறு மிதக்கும், இறங்கியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டே கிடக்க வேண்டும். துரத்த வழியே இல்லை. கிட்ட வருவதா, எவ்வளவு கிட்ட, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் திமிங்கிலத்தின் முடிவு. சில வேளை மணிக்கணக்கில் சுற்றிச் சுற்றி வரும், சில வேளை ஒன்றுகூட வராது. வராத நாளுக்கும் காசு கொடுக்க மனமுள்ளவர்தான் அங்கே வாடிக்கையாளர்.

இந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அந்த மிங்கி மனிதரைத் தேடி வரும் இயல்புள்ளது. வேட்டைக்கு நடுவில் மூச்செடுக்க வரும் ஸ்பேர்முக்கோ, ஓயாமல் இரை தேடும் நீலத்துக்கோ அப்படிச் சுற்ற நேரம் கிடையாது. ஆகவே நம் கடலில் நீச்சலுக்கு அனுமதி கேட்பது சரியில்லை என்பதே என் கருத்து, 100 மீற்றரில் எஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டு, அது ஊதும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பத்து நிமிடம் இருப்பதே பெரிய விஷயம்.

டொல்பின் பார்க்கும் பயணம் இங்கே ஏற்கனவே நடக்கிறது, தொடங்க வேண்டிய இடம் அது. ஹவாயில் 2021இல் சுழல் டொல்பின்களுக்கு ஏறத்தாழ 45 மீற்றருக்குள் நீந்தவும் படகில் நெருங்கவும் தடை வந்தது. அவை இரவில் ஆழ்கடலில் இரை தேடிவிட்டு, பகலில் கரையோரம் வந்து மெதுவாக நீந்திக்கொண்டே உறங்குபவை. நீந்த வந்தவர்கள் அந்த உறக்கத்தைக் கலைத்தார்கள். நம் கரையிலும் சுழல் டொல்பின் உண்டு. துள்ளாமல், ஒன்றோடொன்று நெருங்கி, ஒரே சீராக மூழ்கி எழும் கூட்டத்தைக் கண்டால் போட்டைக் குறுக்கே விடாமல் ஒதுங்கிப் போகலாம், அதற்குச் செலவு எதுவும் இல்லை.

அதோடு ஒரு கொப்பி. எந்தப் போட், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எத்தனை விலங்கு, குட்டி உண்டா, நமக்கு முன்னால் வேறு போட் நின்றதா. கடைசிக் கேள்விதான் முக்கியம், அதை எல்லாப் போட்டும் எழுதினால்தான் ஒரு கூட்டத்தின் நாள் எப்படிக் கழிகிறது என்று கூட்டிப் பார்க்க முடியும். லைசன்ஸ் எத்தனை, கட்டணம் எவ்வளவு என்ற பேச்சையெல்லாம் அந்தக் கொப்பியில் இரண்டு மூன்று சீசன் நிரம்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.