ஒப்பந்தம் முடியும் நாளில் கையில் என்ன இருக்கும்? ரிசர்ச் அசோசியேட்டாகச் சேருபவர்கள் கவனிக்க வேண்டியவை

ஓர் ஆய்வுத் திட்டத்துக்கு நிதி கிடைத்ததும் முதலில் வெளியாவது பெரும்பாலும் ஆள் தேவை அறிவிப்புதான். திட்டத்தை எழுதி நிதி வாங்கியவர் முதன்மை ஆய்வாளர். அதை நாள்தோறும் நடத்தப் போகிறவர் ரிசர்ச் அசோசியேட். சோதனை செய்வது, நேர்காணல் எடுப்பது, ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து படியெடுப்பது, தரவைச் சுத்தம் செய்வது, பல சமயம் கட்டுரையின் முதல் வரைவை எழுதுவது வரை இவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் திட்டம் இவர் பெயரில் இல்லை. இரண்டு மூன்று ஆண்டில் ஒப்பந்தமும் முடிந்துவிடும். நன்றாக உழைத்தவர்கள்கூட வெளியே வரும்போது காட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் நிற்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். இதைப் பெருமளவு தவிர்க்கலாம். ஆனால் கடைசி மாதத்தில் தொடங்கினால் முடியாது, சேருவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்

பதவிப் பெயரை வைத்து எதையும் ஊகிக்காதீர்கள். பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் ரிசர்ச் அசோசியேட் என்றால் பெரும்பாலும் பிஎச்.டி. முடித்தவர். இந்திய நிதித் திட்டங்களில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்), எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) படிகளுக்கு மேலே வருவது ஆர்.ஏ., அதாவது ரிசர்ச் அசோசியேட். அமெரிக்க உயிரியல் ஆய்வகங்கள் சிலவற்றில் இளங்கலை முடித்துச் சேருபவருக்கும் இதே பெயர்தான். எனவே வேலை விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கூடவே நிதி முடியும் தேதியையும் கேளுங்கள். ஒப்பந்தத் தேதியும் நிதித் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 36 மாதத் திட்டத்தில் ஆள் எடுக்கவே 8 மாதம் போயிருந்தால் மிச்சம் 28 மாதம்தான். வேலை மட்டும் 36 மாதத்துக்கு எழுதப்பட்டது அப்படியே இருக்கும். எதைக் குறைக்கப் போகிறார்கள் என்று அப்போதே கேட்பதில் தவறில்லை. மனிதர்களிடமிருந்து தரவு எடுக்கும் ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்துவிட்டதா என்பது அடுத்த கேள்வி. வரவில்லையென்றால் முதல் சில மாதங்கள் படிவம் எழுதுவதிலேயே கரையும். இரண்டு திட்டங்களில் பாதி பாதி நேரம் என்றால் எந்தக் கிழமை எந்தத் திட்டத்துக்கு என்று இரு முதன்மை ஆய்வாளர்களும் ஒரே மின்னஞ்சலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி இல்லாதபோது இரண்டு பாதிகள் சேர்ந்து ஒன்றரை வேலையாகிவிடுகின்றன.

பொறுப்பு எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது, சம்பந்தப்பட்ட எல்லோரும் அதைப் படித்திருக்க வேண்டும். டி.என்.ஏ.வின் அமைப்பை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் 1951 ஜனவரியில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தது ரிசர்ச் அசோசியேட்டாகத்தான். முந்தைய மாதம் துறைத் தலைவர் ஜான் ராண்டல் அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். எக்ஸ்-கதிர்ப் பரிசோதனைகளில் இப்போதைக்கு அவரும் மாணவர் ரேமண்ட் காஸ்லிங்கும் மட்டுமே இருப்பார்கள் என்று அதில் இருந்தது. அங்கே ஏற்கெனவே டி.என்.ஏ.வில் வேலை செய்துகொண்டிருந்த மாரிஸ் வில்கின்ஸுக்கு அந்தக் கடிதத்தில் இருந்தது தெரியாது. ஃபிராங்க்ளின் தன் வேலைக்குக் கை கொடுக்க வந்தவர் என்று அவர் நினைத்தார். ஃபிராங்க்ளினோ அது முழுக்கத் தன் பொறுப்பு என்று நம்பினார். கையில் இருந்த கடிதப்படி அவர் நம்பியது சரியே. இருவருக்கும் இடையே ஏற்பட்ட விரிசல் கடைசிவரை ஒட்டவில்லை. உங்கள் பொறுப்பைச் சொல்லும் மின்னஞ்சல் குழுவில் உள்ள அனைவருக்கும் போகட்டும்.

வேலை சறுக்கும் இடங்கள்

உயிரியல் ஆய்வகத்தில் பெரும்பாலான இழப்பு உறைபெட்டியிலிருந்தும் குறிப்பேட்டிலிருந்தும் தொடங்குகிறது. சாதாரண மார்க்கரால் எழுதிய எழுத்து எத்தனால் பட்டதும் அழிந்துவிடும். எனவே குப்பியின் உடலிலும் மூடியிலும் குளிர் தாங்கும் லேபிள் வேண்டும், பெட்டியின் கட்ட வரைபடம் கணினியிலும் வேண்டும். ஒரு புரதத்தை அடையாளம் காணப் பயன்படும் ஆன்டிபாடியின் பெயரை மட்டும் எழுதி லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதியின் எண்ணை) விட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்து சோதனை திரும்ப வராதபோது காரணம் தேட வழியே இருக்காது. ஒரே நிறுவனத்தின் ஒரே ஆன்டிபாடிகூட லாட்டுக்கு லாட் மாறும். செல் வளர்ப்பு என்றால் எத்தனையாவது பாசேஜ் (புதுத் தட்டுக்கு மாற்றிய முறை) என்ற எண், செல்களில் கண்ணுக்குத் தெரியாமல் தொற்றும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான சோதனைத் தேதி, எஸ்.டி.ஆர். என்ற டி.என்.ஏ. அடையாளச் சோதனையால் செல் வகையை உறுதி செய்த சான்று ஆகிய மூன்றும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். வேகமாகப் பெருகும் ஹீலா என்ற புற்றுநோய்ச் செல்கள் கலந்ததால் வேறு எந்தச் செல்லோ என்று நம்பி ஆண்டுக்கணக்கில் நடந்த ஆய்வுகள் ஏராளம்.

எக்செல் தனி எச்சரிக்கைக்கு உரியது. செப்ட்1, மார்ச்1 போன்ற மரபணுப் பெயர்களை அது தானாகவே தேதியாக மாற்றிவிடும், மாற்றியதைச் சொல்லவும் செய்யாது. முன்னணி மரபணுவியல் இதழ்களில் எக்செல் மரபணுப் பட்டியலோடு வந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020-இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. பொருளியலிலும் இப்படி ஒன்று நடந்தது. பொருளியலாளர்கள் ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் 2010-இல் வெளியிட்ட, அரசுக் கடனைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையில் சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து நாடுகளின் வரிசைகளை விட்டுவிட்டிருந்தது. 2013-இல் அந்த அட்டவணையைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்துக் கண்டுபிடித்தவர் ஒரு பட்டமேற்படிப்பு மாணவர். அசலாக வந்த தரவுக் கோப்பைத் திருத்த முடியாதபடி பூட்டி ஒரு கோப்புறையில் வையுங்கள். சுத்தம் செய்வது முழுவதும் நிரலில் நடக்கட்டும். கட்டங்களில் கையால் எதையும் மாற்ற வேண்டாம். சமவாய்ப்பு (ரேண்டம்) எண்களைப் பயன்படுத்தினால் அதன் தொடக்க எண்ணை நிரலிலேயே குறித்துவிடுங்கள். உங்கள் கணினியில் மட்டும் ஓடும் நிரல் முடிந்த நிரல் ஆகாது. அந்தத் திட்டத்தையே தெரியாத ஒருவர் தன் கணினியில் ஓட்டி அதே அட்டவணையைப் பெற்ற பிறகே முடிந்ததாகக் கொள்ளுங்கள்.

சமூக அறிவியலில் நேரக் கணக்கு தப்பிப்போகிறது. ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்கக் குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும், குழு உரையாடல் என்றால் இன்னும் கூடும். 40 நேர்காணல்கள் என்று திட்டத்தில் ஒரு வரியில் எழுதியிருப்பது 160 முதல் 240 மணி நேர உழைப்பு. அதைத் திட்டக் கூட்டத்தில் எண்ணாகவே சொல்லுங்கள். தானியங்கி மென்பொருள் கைகொடுக்கும். ஆனால் ஒலியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலை அப்போதும் உண்டு, பங்கேற்பாளரின் குரலை வெளி நிறுவனத்தின் சேவையகத்துக்கு அனுப்ப ஒப்புதல் படிவம் அனுமதிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நேர்காணல் உரையின் பகுதிகளைக் கருத்துவாரியாக வகைப்படுத்த உதவும் குறியீட்டுக் கையேட்டில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் எது சேரும், எது சேராது, ஓர் எடுத்துக்காட்டு என மூன்றும் இருக்கட்டும். இருவர் தனித்தனியே குறியிட்டு ஒத்துப்போகும் அளவைத் தொடக்கத்தில் மட்டும் பார்த்தால் போதாது. நாள் போகப் போக ஒவ்வொருவர் கையும் ஒரு பக்கமாகச் சாயும், நடுவிலும் பாருங்கள். பங்கேற்பாளரின் பெயரையும் அவருக்குக் கொடுத்த எண்ணையும் இணைக்கும் பட்டியல், நேர்காணல் உரைகள் இருக்கும் கோப்புறையில் ஒருநாளும் இருக்கக் கூடாது.

வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளில் காப்பகத்தில் எடுக்கும் படங்கள்தான் தரவு. ஒவ்வொரு ஆவணக் கட்டுக்கும் முதல் படம் அழைப்பெண் (காப்பகம் அதற்குத் தந்த அடையாள எண்) தெரியும் அட்டையாக இருக்கட்டும். இல்லையேல் ஆயிரம் படங்கள் சேர்ந்த பிறகு எந்தப் பக்கம் எந்தக் கட்டு என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு எடுத்ததை அன்றைக்கே பெயர் மாற்றி இரண்டு இடத்தில் சேமியுங்கள். படங்களைக் கட்டுரையில் வெளியிட அனுமதி வாங்க மாதக்கணக்கில் ஆகலாம். வரைவு முடியட்டும் என்று காத்திராமல் அப்போதே விண்ணப்பியுங்கள்.

கட்டுரையில் பெயர்

அதிகக் கசப்பு இங்கேதான். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழுவான ஐ.சி.எம்.ஜே.இ. நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவு சேகரிப்பிலோ பகுப்பாய்விலோ விளக்கத்திலோ கணிசமான பங்கு, வரைவு எழுதுதல் அல்லது அறிவார்ந்த முறையில் திருத்துதல், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், ஆய்வு முழுவதற்கும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். தரவு சேகரித்த அசோசியேட்டுக்கு முதல் நிபந்தனை நிறைவேறிவிடும். வரைவை அவருக்கு அனுப்பாமலே விட்டுவிட்டு, இரண்டாவது நிறைவேறவில்லை என்று நன்றியுரையில் ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். இதை அந்த விதியே தடுக்கிறது: முதல் நிபந்தனையை நிறைவு செய்த ஒவ்வொருவருக்கும் வரைவிலும் திருத்தத்திலும் இறுதி ஒப்புதலிலும் பங்கேற்க வாய்ப்புத் தர வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அந்த வரி தெரிந்திருப்பவர் மரியாதையாகவும் உறுதியாகவும் கேட்கலாம்: “சார், தரவு நான் எடுத்தது. வரைவை எனக்கும் அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.” கேட்க வேண்டிய நேரம் தரவு சேகரிப்பு தொடங்கும் முன்பு. கட்டுரை இதழுக்குப் போன பிறகு கேட்டால் அது சண்டையாகத்தான் முடியும்.

மரபு துறைக்குத் துறை மாறும். ஆய்வக அறிவியலில் முதல் பெயர் வேலை செய்தவருக்கு, கடைசிப் பெயர் குழுத் தலைவருக்கு. பொருளியலிலும் கணிதத்திலும் அகர வரிசை பரவலாக உண்டு. அங்கே வரிசையை வைத்து உழைப்பை அளக்க முடியாது, பட்டியலில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளில் முதன்மை ஆய்வாளர் தனியாக நூல் எழுதுவதே வழக்கம். அங்கே நூலில் பெயர் எதிர்பார்ப்பதைவிட, நீங்கள் தொகுத்த தரவுத்தளத்துக்கோ மூலப் பட்டியலுக்கோ தனி டி.ஓ.ஐ. எண்ணோடு (இணையத்தில் மாறாத அடையாள எண்) உங்கள் பெயரை வாங்குவது நடக்கக்கூடிய காரியம். ஸெனோடோ போன்ற இணையத் தரவுக் களஞ்சியங்களில் இலவசமாகவே செய்யலாம், திட்டத்தின் அனுமதி மட்டும் வேண்டும்.

கிரெடிட் என்ற பங்களிப்பு வகைப்பாடு பலருக்குத் தெரிவதில்லை. கருத்துருவாக்கம், தரவுப் பராமரிப்பு, மென்பொருள், சரிபார்ப்பு, முதல் வரைவு, காட்சிப்படுத்தல் என 14 பங்குகள் அதில் உண்டு. 2022 முதல் அமெரிக்கத் தர நிர்ணய ஒப்புதலும் அதற்கு இருக்கிறது. பல இதழ்கள் கட்டுரையோடு இந்தப் பட்டியலைக் கேட்கின்றன, கடைசி நாளில் யாராவது அவசரமாக நிரப்புவார்கள். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்கி, அந்த மாதம் செய்ததை இந்த 14 தலைப்புகளில் எழுதி வையுங்கள். கருவி பழுது பார்த்தது, புதிய மாணவருக்குப் பயிற்சி கொடுத்தது, நெறிமுறைப் படிவம் நிரப்பியது எல்லாம் அதில் வரட்டும். வேறு எங்கும் பதிவாகாத வேலைகள் இவைதான். அடுத்த நேர்காணலில் சொல்ல வேண்டியதும் இந்தப் பட்டியலிலிருந்தே வரும். ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாள எண்ணான ஆர்கிட் எண்ணை வேலையில் சேர்ந்த வாரமே சொந்த மின்னஞ்சலில் பதிந்துகொள்ளுங்கள். நிறுவனம் மாறினாலும் கட்டுரைகள் உங்கள் பெயரோடு வரும்.

ஆண்டுகளை எண்ணுங்கள்

ஒரு ஒப்பந்தம், அடுத்தது, அதற்கடுத்தது என்று போகும்போது சட்டமும் பக்கத்திலேயே எண்ணிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியின் 2007 சட்டப்படி பிஎச்.டி.க்கு முன் ஆறு ஆண்டும் பின் ஆறு ஆண்டும்தான் தகுதி வளர்ச்சிக்கான தற்காலிக ஒப்பந்தத்தில் இருக்கலாம், மருத்துவத்தில் பின்னது ஒன்பது. பிரிட்டனில் 2002 விதிகளின்படி தொடர் ஒப்பந்தங்களில் நான்கு ஆண்டைத் தாண்டிப் புதுப்பித்தால், தக்க காரணம் காட்டாதவரை அந்த வேலை நிரந்தரமாகிவிடும். பல ஃபெலோஷிப்புகள் பிஎச்.டி. தேதியிலிருந்து ஆண்டுகளை எண்ணுகின்றன. நீங்கள் வேலை செய்யும் நாட்டின் எண்ணிக்கை எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட 2019 உடன்பாடு, ஆய்வாளர்களின் தொழில் வளர்ச்சிக்கு ஆண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஒதுக்கச் சொல்கிறது. அப்படி ஒரு விதி உங்கள் இடத்தில் இல்லாவிட்டாலும் அந்த எண்ணைச் சொல்லியே கேட்கலாம்.

இதழில் கட்டுரை மதிப்பீடு முடிந்து வர அரை ஆண்டுக்கு மேல் ஆவது சாதாரணம். ஆகவே 24 மாத ஒப்பந்தத்தில் 15-ஆம் மாதத்துக்குள் முதல் கட்டுரை இதழுக்குப் போய்விட வேண்டும். தரவு 10-ஆம் மாதத்தில் உறைய வேண்டும் (புதிதாகச் சேர்ப்பது நிற்க வேண்டும்), அதன் பிறகு வருவது அடுத்த கட்டுரைக்கு. அடுத்த வேலைக்கான தேடலும் அந்த 15-ஆம் மாதத்திலேயே தொடங்கட்டும். பேராசிரியர் பதவியை மட்டும் குறிவைக்காமல் ஆய்வு மென்பொருள் பொறியாளர், மருத்துவச் சோதனை மேலாளர், தரவுப் பராமரிப்பாளர், இதழ் ஆசிரியர், நிதிப் பிரிவு அலுவலர், கொள்கை மதிப்பீட்டாளர் போன்றவற்றையும் பாருங்கள். இந்தப் பணிகளுக்கான தன்விவரத்தில் கட்டுரைப் பட்டியல் இரண்டாம் பக்கத்துக்குப் போகலாம். எத்தனை களங்களை ஒருங்கிணைத்தீர்கள், எவ்வளவு தரவைக் கையாண்டீர்கள், எத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தீர்கள் என்பது முதல் பக்கத்தில் இருக்கட்டும். மாதக் குறிப்பு வைத்திருந்தால் இதை எழுத ஒரு மாலை போதும்.

கிளம்பும்போது மூலத் தரவை எடுத்துச் செல்லாதீர்கள், பெரும்பாலும் அது நிறுவனத்தின் சொத்து. நீங்கள் எழுதிய நிரலையும் கையேட்டையும் பயன்படுத்தத் தனியாக அனுமதிக் கடிதம் வாங்குங்கள். கோப்புறை அமைப்பு, கடவுச்சொல் பொறுப்பு யாருக்கு மாறுகிறது, உறைபெட்டி வரைபடம், பாதியில் நிற்கும் வேலைகள் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, படித்ததாக முதன்மை ஆய்வாளரிடமிருந்து பதில் மின்னஞ்சல் பெறுங்கள். அலுவலக மின்னஞ்சல் மூடப்படும் முன், மதிப்பீட்டில் இருக்கும் ஒவ்வொரு கட்டுரையின் இதழ்க் கணக்கிலும் சொந்த முகவரியைச் சேர்த்துவிடுங்கள். திருத்தம் கேட்டு மதிப்பீட்டாளர்கள் எழுதும் கடிதம் நீங்கள் போன பிறகுதான் வரும். அந்தத் திருத்தத்தை யார் செய்வது, கூடுதல் சோதனை கேட்டால் அதைச் செய்பவர் பெயர் எந்த இடத்தில் வரும், உங்கள் பெயரின் இடம் மாறாமல் இருக்குமா என்பதைக் கிளம்பும் முன்பே ஒரு மின்னஞ்சலில் எழுதி, எல்லா ஆசிரியர்களிடமும் ஒப்புதல் வாங்கி வைத்துவிடுங்கள்.